தண்ணி அடி!

"என்னப்பா, கண்ணாடி இவ்ளோ மங்கலா இருக்கு? வைப்பரைப் போடு!"

முன்சீட்டில் ஏறிக் கதவைப் படாரென்று சாத்தியதுமே பெரியவர் ஆரம்பித்துவிட்டார். வெளியே தூறல். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். 'இன்னிக்கும் சொதப்பிட்டு வந்தீங்க, வீட்டுக்குள்ள விடமாட்டேன். அவர் என்ன சொன்னாலும் சரின்னு செய்யுங்க. எதிர்த்துப் பேசாதீங்க' என்று மனைவி காலையிலேயே ஓதி அனுப்பியிருந்தாள்.

வைப்பரைப் போட்டான். அதன் இரண்டு கைகளும் ஒழுங்காகத்தான் ஆடின.

"அப்படியேதான் இருக்கு. உன் குரல் என்ன ஒரு மாதிரியா இருக்கு, ஜலதோஷமா?"

"ஆமா சார்," என்றான். எதிர்த்துப் பேசக் கூடாதே!

"சரி, தண்ணி அடி."

அவன் பதறிப்போனான். "ஐயோ சார், எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. சத்தியமா!"

"யோவ், கண்ணாடிக்கு அடிய்யா!"

அசடு வழிந்தபடி வாஷர் குச்சியைத் தன் பக்கம் இழுத்தான். தண்ணீர் பீச்சும் துவாரம் எப்படியோ திரும்பிக் கிடந்தது. பாதித் தண்ணீர் கண்ணாடியில் விழ, மீதி, குடை பிடித்துக்கொண்டு காரை நோக்கி வந்த ஒருவரின் சட்டையில் பாய்ந்தது. அவர் கையை ஆட்டி என்னவோ கத்தினார்.

"யாரோ திட்டறாங்க சார்."

"திட்டட்டும், நீ உன் வேலையைப் பாரு. இதெல்லாம் எப்படி ஓடுதுன்னாவது உனக்குத் தெரியுமா?"

தெரியுமாவா! அதைத்தானே நெட்டுருப் போட்டு வைத்திருந்தான். மூச்சுவிடாமல் ஒப்பித்தான்.

"மோட்டார் ஒரே பக்கமா சுத்தும் சார். அதோட சேர்ந்த கம்பிங்க அந்தச் சுத்தலை இப்படியும் அப்படியுமான ஆட்டமா மாத்தும். அதுல ரப்பர் கண்ணாடியை வழிச்சு விடும். தண்ணித் தொட்டி பானட்டுக்கு அடியில. குச்சியை இழுத்தா குட்டி பம்ப் ஓடி, குழாய் வழியா தண்ணியைத் தள்ளிப் பீச்சும் சார்!"

"நான் என்ன உனக்குப் பரீட்சையா வைக்கிறேன்? தெரியும்னு சொன்னா போதாதா?"

சிரிப்பதா வேண்டாமா என்று புரியாமல் அவன் பாதி மட்டும் சிரித்தான்.

"இன்னும் அடி!"

அடித்தான். குடைக்காரர் மறுபடி நனைந்தார்.

"ம்ஹூம், ஒண்ணும் தெரியல. உன்னை வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?"

போச்சு, இன்றைக்கும் போச்சு. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பாவமாகப் பெரியவரின் முகத்தைப் பார்த்தான். அவருடைய மூக்குக்கண்ணாடி முழுக்கத் தூறல் துளிகள் அப்பியிருந்தன.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்களேன்."

சட்டை நுனியால் துடைத்து, அவனே மாட்டியும் விட்டான்.

"அடடே! பளிச்சுனு ஆயிடுச்சேப்பா!" பெரியவர் பூரித்துப்போய் வெளியே பார்த்தார். சீட்டைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"யாருய்யா நீ? என் டிரைவர் எங்க? இது என் காரே இல்லையே!"

"அப்போ... லைசென்ஸ் டெஸ்ட் எடுக்க வந்த ஆபீசர் நீங்க இல்லையா சார்?"

கதவு திறந்தது. சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட, குடையும் கையுமாக நின்றவர் சொன்னார்:

"அது நான்தான்."