பூ நுழையாத துளை

சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கோயில் வாசலில், வெயிலில் மினுங்கும் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பூசை நடக்கிறது. கார் கண்காட்சிக்காக அதை முதலில் வரைந்தவன் இளமாறன். தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கும் இது அவன் வரைந்தது போலவே இல்லை. கத்திபோல் அவன் இழுத்த கூரை இட்லியாய் உப்பியிருக்கிறது. விரலளவில் அவன் வரைந்த பக்கக் கண்ணாடிகள் யானைக் காதுகளாய் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழங்களை வைத்த குருக்கள், எஞ்சின் சூடு வெளியேற அவன் வரைந்த பக்கவாட்டுத் துளையில் செவ்வந்தியைச் செருகுகிறார். பூ வழுக்கி விழுகிறது. இன்னொன்றை எடுத்துச் செருகுகிறார். அதுவும் விழுகிறது. "இது ஓட்டையே இல்லீங்க, சும்மா பிளாஸ்டிக்கு" என்கிறார் தட்டிப் பார்த்துவிட்டு. காரை வாங்கிய தங்கை கணவன் அருண்ராஜ், இளமாறனின் தோளில் கைபோட்டு இழுக்கிறான். "என் மச்சான் டிசைன் பண்ணது லா, சாமி!" குருக்கள் திரும்பி இளமாறனை ஏற இறங்கப் பார்க்கிறார்.