மறுமுனை

பழைய கேபிளில் மின்சாரம் கசிந்து, முந்தல் ஊர் இறால் குளத்தில் ஜெயந்தன் செத்துப் பத்து நாள். புதுக் கேபிளில் கசிவில்லை என்று எலெக்ட்ரீஷியன் நிஸார் சொன்னால்தான் மற்றவர்கள் தண்ணீரில் இறங்குவார்கள்.

நிஸார் கசிவு பார்க்கும் மெகர் கருவியை மாட்டிச் சோதித்தான். கசிவு இருப்பதுபோல் முள் கீழே சரிந்தது. மறுமுனையை யாராவது ஈரக்கையால் பிடித்தால் அப்படித்தான் காட்டும். அங்கே உதவியாள் முஹ்ஸினை அல்லவா நிறுத்தியிருந்தான்!

"எத்தன தரம் செல்ற, கைய எடு! விசராடா ஒனக்கு?"

முள் உடனே மேலே ஏறியது.

"யாருக்கு மச்சான் ஏசுறீங்க?" முஹ்ஸின் தேத்தண்ணியோடு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

மறுமுனையில் எவருமில்லை.

"நிஸார் நானா, எறங்கலாமா?" தொழிலாளர்கள் கரையிலிருந்து கேட்டார்கள்.

நிஸார் மெகரைப் பார்த்தான். முள் மறுபடியும் மெல்லச் சரிந்துகொண்டிருந்தது.