நீல ரப்பர்

"யாருக்குக் காட்றதுக்குடி இந்தப் பல்லு?"

போட்டோ ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவைத் தாண்டி கோதண்டத்தின் குரல் ரோட்டுக்கே வந்துவிட்டது. வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் கையை நிறுத்தாமல் காதை மட்டும் உள்ளே அனுப்பினாள்.

"யாருக்கும் இல்ல. ஈறுல ரத்தம் வந்துது. பல்ல வரிசையாக்கணும்னு டாக்டர் சொன்னாரு, கம்பி போட்டுகினேன். நாலு மாசமா இதையே கேட்டுகினு இருக்கியே பாவா!"

ஷோபனாவுக்கு அவன் சொந்த அத்தை மகன். கல்யாணமாகிப் பதினேழு வருஷம் ஆகியும் 'பாவா'தான்.

"முப்பத்தொம்போது வயசுல உனக்கு மட்டும் இன்னாடி அழகு?"

அழகாம்! முதல் வாரம் பூராவும் ரசம் சாதத்தைக் கரைத்துக் குடித்தது அவளுக்குத்தான் தெரியும். கம்பி உரசி உள்கன்னமெல்லாம் புண். டாக்டர் கொடுத்த மெழுகைக் கிள்ளிக் கம்பிமேல் ஒட்டிக்கொண்டால்தான் வாயை அசைக்கவே முடிந்தது. "சில்லறை இருக்கா சார்?" என்று கேட்டால் பாதி காற்றாக வந்தது. கம்பியைப் பல்லோடு பிடித்து வைக்கும் வெள்ளை ரப்பர் வளையம் சாம்பார் மஞ்சளில் பழுத்துப்போய், அடுத்த மாசம் நீலத்துக்கு மாறினாள். ஒரு மாசம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேதான் கல்லாவில் உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் ஒருநாள் மறந்துவிட்டாள். மலையில் மொட்டை போட்டு, தலை நிறைய சந்தனத்தோடு வந்த ஒரு குழந்தை, கேமராவைப் பார்த்ததும் வீறிட்டு அழுதது. ஷோபனா குனிந்து "ஈ..." என்று பல்லைக் காட்டினாள். நீல ரப்பரைப் பார்த்த குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுக் கெக்கெக்கென்று சிரித்தது.

அன்றிலிருந்து மொட்டைக் குடும்பங்கள் வந்தாலே, "அந்தக் கம்பிப் பல்லு அக்கா முன்னாடி நிக்கட்டும் சார்" என்பார்கள். இருபது வருஷமாக "சிரிங்க, பல்லு தெரியட்டும்" என்று தொண்டை கிழியக் கத்திய கோதண்டத்தின் முகம், கேமராவுக்குப் பின்னால் நாளுக்கு நாள் கறுத்தது.

இன்றைக்குச் சண்டை அவளுடைய செல்போனால் வந்தது.

"ஊரையே படம் புடிக்கறவன் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். நீ பல்ல இளிச்சி செல்லுல புடிச்சு, அந்த டாக்டர் விஷ்ணுவுக்கு அனுப்பற!"

"கம்பி முனை வெளிய வந்து குத்துது பாவா. படம் அனுப்புங்கன்னு டாக்டர்தான் கேட்டாரு. பாத்துட்டு இன்னிக்கே வரச் சொல்லிட்டாரு."

"ஆங், கேப்பான். அப்பறம் இந்த மாசம் இன்னா கலர் ரப்பர்னு கேப்பான். நீ நீலம்னுவ. ரெண்டு பேரும் சிரிப்பீங்க."

ஷோபனா சட்டென்று திரும்பினாள். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வெள்ளிக்கெழம அந்த கிளினிக்குக்கு எதிர்ல வண்டிமேல குந்திகினு இருந்துட்டு, வாசல் வரைக்கும் வந்து கேட்டேன். போதுமா?"

கோவிந்தம்மாளுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஏன் நைனா, பல்லு வலி அவளுக்கு, கத்தறது நீயா?"

"நீ பூவக் கட்டு ஆயா!"

ஷோபனா சுவரைப் பார்த்தாள். அவர்கள் கல்யாணப் படம். அதில் அவளுக்கு முப்பத்திரண்டும் தெரியும். அவனோ உதட்டைத் தைத்து வைத்ததுபோல் நிற்பான். "கட்டாயக் கல்யாணமா சார்?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. இத்தனை நாள் அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கே இவன் சந்தேகக்காரன்தானோ?

கோதண்டம் கடை ஷட்டரை இழுத்துவிட்டான். "ஏறு வண்டில. நானும் வரேன். அந்த டாக்டர நேருக்கு நேர் ஒண்ணு கேக்கணும்."

பஸ் ஸ்டாண்டு நெரிசலில் வண்டி நின்று நின்று போனது. தம்பி வயசுப் பையன் அந்த டாக்டர். நாலு பேர் முன்னால் இவன் அசிங்கமாக எதையாவது கேட்டுவிட்டால், இந்த ஊரில் எந்த முகத்தோடு கல்லாவில் உட்காருவது?

"கம்பியக் கழட்டிப் போட்டுடறேன் பாவா," என்றாள் அவன் முதுகிடம். "அங்க வந்து ஒண்ணும் கேக்காத. உனக்குப் புண்ணியமாப் போவுது."

"நீ ஏன்டி கழட்டணும்?" என்றான் அவன், திரும்பாமலே.

கிளினிக்கில் டாக்டர் விஷ்ணு சிரித்த முகமாக எழுந்தார். "வாங்கக்கா. கம்பி ரொம்பக் குத்துதா? சார் யாரு?"

"அவ புருஷன்," என்றான் கோதண்டம். சொல்லிவிட்டு, வெளியே யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டான்.

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஷோபனா கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"மூணு வாட்டி வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்," என்றான் கோதண்டம். "இன்னிக்குக் கேட்டுடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"எ... என்ன சார்?"

ஷோபனாவுக்கென்று சாய்த்து வைத்திருந்த நீள நாற்காலியில் கோதண்டம் விறுவிறுவென்று போய் ஏறி உட்கார்ந்தான். வாயைப் பிளந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்த முன்பற்களை விரலால் தொட்டுக் காட்டினான்.

"நாப்பத்தாறு வயசாவுது. எனக்கும் இந்தக் கம்பி போடலாமா டாக்டர்?"

வருகிற வெள்ளிக்கிழமை கோதண்டத்துக்குக் கம்பி போடுகிறார்கள். நாற்பதைத் தாண்டிப் போட்டுக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், முதல் வாரத்தை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். பொண்டாட்டியிடம் கேட்க அவனுக்கு வெட்கமாக இருக்கிறதாம்.