உரத் தொட்டியின் சூடு

கண்ணை மூடினால் இப்போதும் அந்தப் பால்கனிதான். மாலை வெயில் சரிகிறது. என் மனைவி உரத் தொட்டியைத் திறந்து, காய்கறித் தோல்மேல் காய்ந்த இலையைத் தூவ மகள்களுக்குச் சொல்லித்தருகிறாள். "கையை விட்டுப் பாருடி. சூடா இருந்தா நல்லா மக்குதுன்னு அர்த்தம்." சின்னவள் மூக்கைப் பொத்திக்கொண்டு மணிக்கட்டுவரை விடுகிறாள். "காய்ச்சல் மாதிரி சுடுதும்மா." "அப்போ ஊசி போட்டுடலாமா?" என்று பெரியவள் சீண்டுகிறாள். சின்னவள் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்துவிட்டு அம்மாவின் கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். அவள் சிரிப்பு நின்றுவிடுகிறது. "நீ இதைவிடச் சுடுறியேம்மா." விட்டுவிட்டது என்று மனைவி காலையில்தான் என்னிடம் சொன்ன காய்ச்சல். "உன் கைதான்டி சூடு" என்கிறாள், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு கிளறும் குச்சியைப் பெரியவளிடம் நீட்டுகிறாள். "இனிமே நீயே கிளறிவிடு, என்ன?" அவள் விளையாட்டுச் சாமான்போல வாங்கிக்கொள்கிறாள்.