ரெண்டு கார் நிக்கணும்

"சனிக்கிழமை காலையில வருவேன். கராஜ் கதவைத் திறந்து வையுங்க. உள்ளே ரெண்டு கார் நிக்கணும்."

குடியிருப்போர் சங்கத் தலைவி கெல்னர் அம்மாள் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார். வெண்டல் திரும்பித் தன் கராஜைப் பார்த்தார்.

ஓஹையோவில் அந்தக் குடியிருப்பைப் பொறுத்தவரை சங்கம் வைத்ததுதான் சட்டம். ராத்திரியில் கார் வெளியே நிற்கக் கூடாது. குப்பைத் தொட்டி தெருவுக்குத் தெரியக் கூடாது. தபால் பெட்டிக்குப் பழுப்பைத் தவிர வேறு நிறம் அடிக்கக் கூடாது. இதையெல்லாம் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பது கெல்னர் அம்மாளின் வேலை.

அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. காலமான கணவர் ஹரால்டின் பச்சைக் காரை இன்னும் தன் கராஜில் வைத்திருக்கிறார். ஓட்டுவதில்லை. சனிக்கிழமை தவறாமல் கதவைத் திறந்து, அதன் பின்பக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டு நிற்பார். பார்க்கிறவர்கள் பேச்சைத் தாழ்த்திக்கொள்வார்கள். வெண்டல்கூட ஒரு தடவை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடந்து போயிருக்கிறார். சில மாலைகளில் அந்த வீட்டிலிருந்து தடதடவென்று வரும் சத்தத்தையும், 'பாவம், பழைய வாஷிங் மெஷின்' என்று தெரு பொறுத்துக்கொண்டது.

வெண்டலின் குற்றம் இதுதான். கராஜில் பாதியைத் தடுத்து மரப்பட்டறை போட்டுவிட்டார். அவருடைய நீலக் கார் ராத்திரியில் வெளியே தூங்கியது.

"பட்டறையைப் பிரிச்சுடறேன், கொரீன். பழையபடி சமையலறையிலயே உனக்கு ஒத்தாசையா இருக்கேன்."

அவர் மனைவி கொரீன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில் அவர் செய்த ஒத்தாசை அவளுக்கு மறக்கவில்லை. மசாலா டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினார். பாத்திரம் கழுவும் மெஷினில் அவள் வைத்த தட்டுகளை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தார். முட்டை வேகும்போது கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றார்.

"நீ சமையலறைக்கு வந்தா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

விளையாட்டில்லை என்று அவருக்கும் தெரியும். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார். பயமாக இருந்தது.

"இன்னொரு காருக்கு நான் எங்கே போவேன்?"

"நீதான் பெரிய தச்சனாச்சே. ஒண்ணு செய்யேன்."

அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ப்ளைவுட்டில் காரின் பின்பக்கம் மட்டும் தயாரானது. கண்ணாடிக்குக் கறுப்புப் பெயிண்ட், விளக்குக்குச் சிவப்புப் பெயிண்ட், பம்பருக்கு வெள்ளிப் பெயிண்ட். நிஜக் காரின் நம்பர் பிளேட்டைக் கழற்றி இதில் முடுக்கினார். நிஜக் காரை சூப்பர்மார்க்கெட் வாசலில் அனாதையாக விட்டுவிட்டு நடந்தே வீடு வந்தார்.

சனிக்கிழமை கெல்னர் அம்மாள் வெள்ளைக் கையுறையோடு வந்தார். கதவு மேலே போனது. கொரீனின் சிவப்புக் கார். பக்கத்தில் 'நீலக் கார்'. அதற்குப் பின்னால் பட்டறை மூச்சுவிடாமல் ஒளிந்திருந்தது.

"ரெண்டு கார்" என்றாள் கொரீன், சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று.

"பெயிண்ட் வாசனை அடிக்குதே?"

"அது வந்து... கொரீன் நகத்துக்குப் போட்டிருக்கா" என்றார் வெண்டல்.

கொரீன் விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"வர்ற வழியில சூப்பர்மார்க்கெட் வாசல்ல ஒரு நீலக் கார் பார்த்தேன். நம்பர் பிளேட் இல்லாம நிக்குது."

"என்ன ஜனங்களோ" என்றார் வெண்டல். குரல் அவருக்கே கேட்கவில்லை.

கெல்னர் அம்மாள் குனிந்தார். பின்விளக்கில் ஒரு ஈ ஒட்டிக்கொண்டு காலை உதறிக்கொண்டிருந்தது. அவர் விரலால் பம்பரைத் தொட்டார். கையுறை வெள்ளியானது. விரலை மடக்கித் தட்டினார். டொக், டொக்.

போச்சு என்று வெண்டல் கண்ணை மூடிக்கொண்டார். பட்டறை போச்சு, கொரீனும் போச்சு.

"எத்தனை தடவை பெயிண்ட் அடிச்சீங்க?"

"ஒரே... ஒரே தடவைதான், மேடம்."

"அதான் திட்டுத் திட்டா இருக்கு." கெல்னர் அம்மாள் தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பச்சைக்கு நான் மூணு தடவை அடிச்சேன். விளக்குக்குப் பெயிண்ட் வேண்டாம். உள்ளே சிவப்பு பல்பு வையுங்க. பின்னால கம்பளித் துணி வச்சு ஆணியடிச்சா தட்டினாலும் சத்தம் வராது. என் காருக்குப் பின்னால நான் அடிக்கற ட்ரம்ஸ் சத்தத்துக்குத்தான் அது போதல."

வெண்டலின் கை தலைக்குப் போனது. தொப்பியைக் கழற்றியது ஞாபகத்துக்கு வந்தது.

"அப்போ... ஹரால்டோட கார்?"

"அவர் இறந்த வருஷமே அதை வித்துட்டேன்."

வெள்ளியான கையுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, தெருவுக்குக் கேட்கிற குரலில், "ரெண்டு கார். எல்லாம் சரியா இருக்கு" என்றார் கெல்னர் அம்மாள்.

நாலடி போனவர் திரும்பி வந்து, கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்து வெண்டலின் கையில் வைத்தார்.

"சனிக்கிழமையானா கதவைத் திறந்து வச்சுத் துடைங்க. துடைக்கற காரை யாரும் தட்டிப் பார்க்க மாட்டாங்க."