அடுப்பு மேடை

“இது என்ன, குழந்தைங்க சொப்பு வெச்சு விளையாடுற சமையல்கட்டா? இதை யாரு செஞ்சாங்களோ அவங்களைக் கூப்பிடுங்க முதல்ல!”

கரகரத்த ஸ்பீக்கரில் லியோனிலா சீறினாள். பிலிப்பைன்ஸில், படாங்காஸின் அந்தச் சின்ன வீட்டு வரைபட அலுவலகமே அதிர்ந்தது.

பக்கத்து ஊரான மபினியில் எழும்பப்போகிற வீடு பெரிய திரை முழுக்க நின்றது. அதனால் இத்தாலியின் மிலானில் இருந்து பேசுகிறவளின் முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான். எதிரே அவள் கணவர் ஹெர்மினியோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து மாளவில்லை.

தன் உயரத்துக்கு ஓர் உருவத்தைச் சமையலறையில் நிறுத்திக் காட்டுங்கள் என்று அவள் கேட்டதுதான் வினையாகப் போயிற்று. அடுப்பு மேடை அந்த உருவத்தின் தொடைக்குத்தான் வந்தது.

“நாலு வருஷமா நான் ஊர்ப்பக்கமே வரல. இங்க அடுத்தவங்க அடுப்படியில குனிஞ்சு குனிஞ்சு முதுகே போச்சு. என் வீட்லயாவது நிமிந்து நின்னு சமைக்கலாம்னு பாத்தா, அங்கயும் குனியணுமா?”

“கோபப்படாதீங்க மேடம். புதுசா சேர்ந்த பொண்ணு செஞ்சது. இதோ வரச் சொல்றேன்,” என்றார் முதலாளி கிரிஸ்புலோ.

எதற்கு என்று தெரியாமலே ஜொவெலின் சிரித்த முகமாக உள்ளே வந்தாள். வேலை நிரந்தரமா இல்லையா என்று அன்றைக்குச் சொல்வதாக இருந்தார்கள். பான்சிட் நூடுல்ஸ் கிளறி வை, நல்ல சேதியோடு வருகிறேன் என்று அம்மாவிடம் வேறு சொல்லிவிட்டு வந்திருந்தாள், பாவம்.

அந்த மேடை அவள் கம்ப்யூட்டரில் முதன்முதலாகச் செய்தது. ஒருமுறை செய்துவிட்டால் எந்த வீட்டு மாடலிலும் கொண்டுபோய் வைக்கலாம். சமைப்பவரின் முழங்கை உயரத்தைக் கொடுத்தால் போதும், மேடை, தொட்டி, மேல் அலமாரி எல்லாம் தானாக ஏறும், இறங்கும். முந்தின நாள்தான் கிரிஸ்புலோ அதை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “பிரமாதம்மா! இனிமே நம்ம எல்லா வீட்டுக்கும் இதான்” என்றிருந்தார்.

இப்போது அதே மனுஷன் முறைத்தார். “பின்கட்டு மேடையைக் குறைச்சியா நீ?”

“ஆமா சார், உக்காந்து மீன் கழுவ வசதியா...”

“பாத்தீங்களா மேடம்? ஒண்ணைக் குறைக்கறேன்னு எல்லாத்தையும் சேத்துக் குறைச்சு வெச்சிருக்கா. புதுசா கத்துக்கறவங்க பண்ற தப்புதான்.”

“இல்ல சார்! பின்கட்டு மேடைக்குத் தனியா ஒரு மாடல் போட்டு, அதை மட்டும்தான் குறைச்சேன். நேத்து நீங்களே பாத்தீங்களே!”

“நான் எங்க பாத்தேன்? எனக்கு இருக்கற வேலையில இது ஒண்ணுதான் குறைச்சல்!”

கொஞ்சமும் கூசாமல் சொன்னார். ஜொவெலின் விருட்டென்று திரும்பினாள். திரையைப் பார்த்தாள். “யாரு சார் இவ்ளோ நெட்டையா ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினது?” என்றாள்.

ஹெர்மினியோ குறுக்கே புகுந்தார். நேற்றுவரை ஒரு டைல்ஸ் நிறத்துக்குக்கூட அலுவலகத்தையே இரண்டாக்கியவர், இன்றைக்குத் தேனாகப் பேசினார்.

“விடுங்க சார், சின்னப் பொண்ணு, தெரியாம பண்ணிடுச்சு. மாத்திட்டாப் போச்சு. நீ போம்மா, போய் உன் வேலையைப் பாரு. லியோ, நான் அப்புறமா கூப்பிடறேன்.”

“நீங்க சும்மா இருங்க! ஏம்மா, என்ன உயரம் போட்ட நீ?”

“சரியான உயரம்தான்க்கா போட்டேன்.”

“எது சரியான உயரம்? அந்த மேடையில நான் மண்டி போட்டுத்தான் வெங்காயம் நறுக்கணும்! தப்பையும் பண்ணிட்டு, கூசாம பொய் வேற சொல்ற. யாரைக் கேட்டு இந்த உயரத்தைப் போட்ட? கிரிஸ்புலோ சார், இந்தப் பொண்ணு அங்க இருந்தா எங்க வீட்டு வேலையே உங்களுக்குக் கிடையாது.”

கிரிஸ்புலோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “கேட்டல்ல? போய் உன் சாமானை எடுத்து வை.”

ஜொவெலினுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முதலாளி கைவிட்டார், சரி, பிழைக்கத் தெரிந்தவர். போயும் போயும் இந்த அக்காவுமா இப்படிக் கழுத்தறுக்க வேண்டும்? செய்யாத தப்புக்கு வேலையும் போய், பொய்க்காரி என்ற பட்டமும் வாங்கிக்கொண்டு எந்த முகத்தோடு அம்மாவிடம் போவது?

“நெட்டு சரியில்ல போலிருக்கு, கட் பண்ணிடலாம்,” என்று ஹெர்மினியோ எழுந்து லேப்டாப்பின் பக்கம் கையை நீட்டினார்.

அதற்குள் ஜொவெலின் ஸ்பீக்கரின் பக்கம் குனிந்து அழுகையோடு கத்தினாள்.

“ஏன்க்கா இப்படி மாத்திப் பேசறீங்க? போன வாரம் ஹெர்மினியோ சார் கையைப் பிடிச்சுக்கிட்டு இங்க வந்து நின்னீங்களே, உங்க முழங்கையைத்தானே நான் டேப் வெச்சு அளந்தேன்!”