சூரியன் ஒரு சுற்று

கோளரங்கத்தில் காட்சி முடிந்ததும் வானத்தை இன்றைய தேதிக்குத் திருப்பிவிட்டுத்தான் விளக்கைப் போடவேண்டும். பதினெட்டு வருஷமாக ஆபரேட்டரம்மா அதில் தவறியதில்லை. அன்றைக்கு ஒரு வருஷத்து வானத்தை ஐந்து நிமிஷத்தில் ஓட்டிக் காட்டினாள். சூரியன் நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கவும், எல்லாம் சரியாக இருக்கிறதென்று விளக்கைப் போட்டுவிட்டாள்.

வாசலில் டீச்சர் பிள்ளைகளை மூன்று தடவை எண்ணினார்.

"முப்பத்திரண்டு பேர் வந்தாங்க மேடம். ஒண்ணு குறையுது. மூணாவது வரிசைல இருந்த ரெட்டை ஜடைப் பொண்ணைக் காணோம்."

நாற்காலிகளுக்கு அடியில்கூடத் தேடிவிட்டார்கள். இருப்பதோ ஒரே கதவு. ஆபரேட்டரம்மா வானத்தை ஓட்டும் கருவியிடம் திரும்பிப் போனாள். அப்போதுதான் அது காட்டிய வருஷம் கண்ணில் பட்டது. அடுத்த வருஷம். என்ன நினைத்தாளோ, விளக்கை அணைத்துவிட்டு, சூரியனையும் கோள்களையும் வந்த வழியே பின்னால் நடத்தி, இன்றைய தேதியில் நிறுத்தி, விளக்கைப் போட்டாள்.

மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பாடா, போன உயிர் வந்துச்சு," என்று டீச்சர் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார். "எங்கடி போன?"

"இங்கதான் டீச்சர் இருந்தேன்."

எழுந்து இரண்டு எட்டு வைத்தவள், முகம் சுளித்து உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள்.

"நேத்துதான் அப்பா வாங்கிக் குடுத்தாரு. காலைல சரியாத்தான் இருந்துச்சு, இப்ப பத்தவே மாட்டேங்குது."

"அதுக்கென்ன கண்ணு, கையில எடுத்துக்கிட்டு வா," என்ற டீச்சர், "முப்பத்திரண்டு," என்று நிம்மதியாக எண்ணி முடித்தார்.